மூன்றாவது கையுறை

“இது உன் கையுறையா?” என்று எய்லிஃப் குன்வோரைக் கேட்டது கப்பல்துறையில் வைத்து. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. காலடியில் பெட்டி. டிரொண்ட்ஹைம் நகரத்துத் தாதியர் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவளை ஏற்றிப்போக வேண்டிய கப்பல் தீவின் முனையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அவன் நீட்டியதை அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முந்தின குளிர்காலத்தில் பல் பிடுங்க ஓலெசுண்டு நகரத்துக்குப் போய்வந்தபோது தொலைந்த வலது கையுறை. அம்மா படுக்கையில் கிடந்தபடி பின்னிய கடைசி ஜோடி அது. எட்டுமுனை நட்சத்திரம் எல்லார் வீட்டுக் கையுறையிலும் உண்டு. கட்டைவிரலில் மூன்று இலை அம்மா பின்னியதில் மட்டும்தான் இருக்கும்.

“ஓலெசுண்டுல, மீன் சந்தைக்குப் பக்கத்துல, வேலிக்கம்பத்துல மாட்டியிருந்தது” என்றான் எய்லிஃப். “எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். இப்பதான் உன் இடது கையில இதோட ஜோடியைப் பார்த்தேன்.”

பக்கத்துத் தீவுக்காரர்கூட ஒருவரையொருவர் பார்க்காமல் போகிற நகரத்தில் விழுந்த கையுறை, அவள் தீவுக்காரன் கண்ணிலேயே பட்டு, அவள் ஊரைவிட்டுப் போகிற காலையிலேயே திரும்பி வருகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? போகாதே என்று யாரோ சொல்வதாக அவளுக்குப் பட்டது. கப்பல் வந்தது, போயிற்று. அவள் கரையிலேயே நின்றாள்.

இலையுதிர்காலத்தில் எய்லிஃபோடு கல்யாணம். அதே பள்ளிக்கு அடுத்த வருஷம் தங்கை ஒட்னி போனாள். முன்பே பக்கவாதத்தில் விழுந்திருந்த அப்பாவோடும் ஆடுகளோடும் ஒருத்தி இருந்தாக வேண்டும். அதற்குத்தான் குன்வோர் இருந்தாளே.

கையுறைக் கதை தீவு முழுக்கப் பரவியது. பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். வானொலிக்காரர் ஒருவர் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்து எழுதியும் பதிந்தும் கொண்டு போனார். கேட்டவர்களுக்கு அதிசயத்தைவிட ஒரு விஷயம்தான் உறுத்தும். அந்தப் பக்கத்தில் கீழே கிடக்கும் கையுறையைக் கண்டவர் எடுத்து உயரமாகக் கம்பத்தில் மாட்டுவார். உரியவர் வரும்வரை அது பனியில் விறைத்துக்கொண்டு அங்கேயே இருக்கும். திருடன்கூடத் தொடமாட்டான்.

“கம்பத்துக் கையுறையை எடுக்க உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?” என்பார்கள்.

“கை தானாப் போச்சு” என்பான் எய்லிஃப், காது சிவக்க.

அந்த வெட்கத்தை வைத்துத்தான் ஊரே நம்பியது. இட்டுக்கட்டுகிறவன் தன்னை இவ்வளவு கேவலப்படுத்திக்கொள்வானா? கடவுள்தான் அவன் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும்.

பதினேழு வருஷம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. ஜெபக்கூடத்துக்குச் சாயம் பூச ஊரே கூடியிருந்தது. வருஷா வருஷம் நடக்கும் பொதுவேலை. ஆண்கள் பழைய சாயத்தைச் சுரண்டினார்கள், பெண்கள் தேய்த்துக் கழுவினார்கள். விடுமுறைக்கு வந்திருந்த ஒட்னி சமையலறையில் சூப் கிளறிக்கொண்டிருந்தாள். கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே சுவரோடு அறைந்திருந்த நீளப் பெஞ்சைத் தச்சர் தோர்லைவ் கடப்பாரையால் நெம்பினார். ஒரு சீப்பு, மெழுகுவத்தித் துண்டு, தூசி மூடிய ஒரு கையுறை எல்லாம் பின்னாலிருந்து விழுந்தன.

கிழவி போர்ஹில்ட் அதை உதறித் தூக்கிப் பிடித்தாள்.

“அடியே குன்வோர், உனக்கு மூணாவது கை எப்படி முளைச்சுது? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!”

கூடமே சிரித்தது. குன்வோரும் சிரித்தபடிதான் வாங்கினாள். வலது கையுறை. கட்டைவிரலில் மூன்று இலை. ஓரத்தை மடித்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு நூல் அடையாளம், அம்மா வைத்தது.

கோட்டுப் பையிலிருந்து தன் ஜோடியை எடுத்தாள். இடதில் சிவப்பு நூல் இருந்தது. வலதில் இல்லை. அது அவளுக்குப் புதிய செய்தி அல்ல. நூல் இற்று விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே எப்போதோ சொல்லிக்கொண்டு விட்டுவிட்டாள்.

அப்படியானால் அம்மா பின்னிய கையுறை ஓலெசுண்டுக்கே போகவில்லை. இந்தப் பெஞ்சுக்குப் பின்னாலேயே கிடந்திருக்கிறது. இங்கே கல்யாணக் காப்பி விருந்து நடந்த அன்று இதற்கு மேலேதான் அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். வருஷத்தில் ஒரு முறை ஊருக்கு வரும் ஒட்னி வந்திருக்கிற நாளிலா இந்தப் பெஞ்சு பெயர வேண்டும்? இதுதான் தற்செயல். இதை யாரும் பின்னித் தரவில்லை.

அம்மா போன பிறகு அந்த மூன்று இலையைப் போடத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தி அவள், மற்றவள் தங்கை.

சமையலறைக்குள் போனாள். எய்லிஃப் அடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். மூன்றையும் மேஜைமேல் வைத்தாள்.

“யாரு பின்னினது?”

ஒட்னி அகப்பையை நிறுத்தவில்லை. “அக்கா, இப்ப எதுக்கு அதெல்லாம்? வெளிய எல்லாரும் பசியோட நிக்கிறாங்க.”

“நீதானே?”

“ஆமா, நான்தான்.”

எய்லிஃப் எழுந்தான். “குன்வோர், நான் சொல்லணும்னுதான்…”

“எப்ப சொல்றதா இருந்த? ரேடியோக்காரன் வந்தப்பவா? பாதிரியார் பிரசங்கத்துல சொன்னப்ப, முன் பெஞ்சுல தலையை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தியே, அப்பவா?”

“அவனைத் திட்டாத” என்றாள் ஒட்னி. “வருஷக்கணக்கா உன்னையே பார்த்துக்கிட்டுத் திரிஞ்சான். வாயைத் திறக்கத் துப்பில்ல. நான் ஒரு தள்ளு தள்ளிவிட்டேன். அவ்வளவுதான். என்ன கெட்டுப்போச்சு? நல்ல புருஷன், மூணு புள்ளைங்க. எனக்கு வாய்ச்சுதா இதெல்லாம்?”

“என்னைத் தள்ளிவிட்டுட்டு நீ எங்க போன?”

“என்ன கேக்குற?”

“நீ எங்க போனன்னு கேக்குறேன், ஒட்னி.”

சூப் கொதித்து விளிம்பில் வழிந்தது. ஒட்னி சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு வெகுநேரம் துணியால் அடுப்பைத் துடைத்தாள்.

“அப்பாவோட யாராவது இருக்கணும்ல அக்கா” என்றாள், குரல் இறங்கி. “நீ போயிட்டா நான்தான். எனக்கு அப்ப பதினெட்டு.”

குன்வோர் புருஷன் பக்கம் திரும்பினாள். “இது உனக்குத் தெரியுமா?”

“அன்னைக்குத் தெரியாது. சத்தியமா. உனக்காகத்தான் ஒட்னி செய்யுறான்னு நினைச்சேன். அவ கப்பலேறினப்பதான் புரிஞ்சுது.”

“புரிஞ்ச பிறகும் பேசாம இருந்த.”

“அப்ப நமக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. பெரியவன் வயித்துல இருந்தான்.” அவன் கைகளில் ஒட்டியிருந்த மரச்செதில்களை ஒவ்வொன்றாகத் தட்டினான். “ஒண்ணு மட்டும் சொல்லு. நான் வெறுங்கையோட வந்து, போகாதன்னு கேட்டிருந்தா நின்னிருப்பியா?”

அவள் யோசித்தாள், அவசரமில்லாமல். காலையில் அவள் எழுவதற்கு முன்பே அடுப்பை மூட்டி, அவள் காலணிகளை அதன் பக்கத்தில் வைக்கிறவன். அப்பாவைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டியவன். இல்லை என்று சொன்னால் அவனைக் காயப்படுத்தலாம். ஆமாம் என்றால் மன்னித்ததாகிவிடும். இரண்டில் எது உண்மை என்று அவளுக்கே தெரியவில்லை.

“தெரியல” என்றாள். “தெரிஞ்சுக்க எனக்கு அந்த ஒரே ஒரு காலைப்பொழுதுதான் இருந்துச்சு. அதை நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டீங்க.”

கதவைத் தள்ளிக்கொண்டு போர்ஹில்ட் தலையை நீட்டினாள். “சூப்பு வருமா, இல்ல சாயத்தைக் குடிக்கணுமா? எய்லிஃப், நீ வாடா. மூணாவது கையுறை எப்படி வந்துச்சுன்னு தோர்லைவ் மண்டையைப் பிய்ச்சுக்கிட்டு இருக்கான். கதையை மறுபடி முதல்ல இருந்து சொல்லு.”

கிழவி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

குன்வோர் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டாள். கூடத்தில் எல்லோரும் நீள மேஜையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொதுவேலை முடிந்து கிளம்புகிறவர் ‘இன்னைக்கு நன்றி’ என்று சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வது அங்கே வழக்கம். குழந்தைகூடச் சொல்லாமல் போகாது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது, திருப்பிச் சொல்வதற்காகச் சிலர் தலை நிமிர்த்திக் காத்திருந்தார்கள். பின்னால் சமையலறை வாசலில் எய்லிஃப் வந்து நின்றான்.

அவள் மேஜையைக் கடந்து, ஈரச் சாயம் பூசிய கதவை விரல்நுனியால் தள்ளித் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனாள்.