கடைசித் தேதி

ஆம்பூர் பக்கத்தில் எங்கள் பள்ளி. நான் கம்ப்யூட்டர் வாத்தியார். லேபில் இன்டர்நெட் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. காத்திருந்து வெறுத்துப்போய், போன வருடமே முக்கியமான அரசுப் பக்கங்களைச் சேமித்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டேன். நெட் இல்லாமலேயே தேடினால் அவை வரும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவற்றை வைத்துத்தான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தேடக் கற்றுக்கொடுத்தேன். "நீட்டி முழக்காதீங்க, நாலு வார்த்தை போதும். ஏஜென்ட் பக்கத்த நம்பாதீங்க, அரசுப் பக்கத்த நம்புங்க." தொண்டை வறளச் சொன்னேன். சேமித்த பக்கம் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விடும் என்று நினைத்தேன், முட்டாள்.

முதல் வரிசையில் சௌந்தர்யா. அவள் அம்மா அன்னம்மாள் ஷூ கம்பெனியில் தைப்பவள். அப்பா இல்லை. "இந்த வருசம் நர்சிங் சீட்டு கெடைச்சா படி, இல்லன்னா என்கூட கம்பெனிக்கு வந்துடு" என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள். சௌந்தர்யா நாலே வார்த்தையில் விண்ணப்பப் பக்கத்தைப் பிடித்தாள். கடைசித் தேதி ஜூன் இருபத்தைந்து. நோட்டில் எழுதிக் கட்டம் போட்டாள். "இப்படித்தான் தேடணும்" என்று வகுப்புக்கே காட்டினேன். அது எந்த வருடத்துப் பக்கம் என்பது திரையின் மூலையில் பொடி எழுத்தில் இருந்தது.

ஜூன் இருபதாம் தேதி சான்றிதழ்களோடு பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறாள். இந்த வருடம் பன்னிரண்டாம் தேதியே முடிந்துவிட்டதாம்.

மறுநாள் அம்மாவும் மகளும் லேபுக்கு வந்தார்கள். நான் யார் யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சினேன். முடிந்தது முடிந்ததுதான் என்றார்கள். அதற்குள் சௌந்தர்யா பக்கத்துக் கம்ப்யூட்டரில் அதே நாலு வார்த்தையைத் தட்டினாள். அன்றும் நெட் இல்லை. அதே பக்கம் வந்தது. மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா சார் இது? இவ தப்பா தேடிட்டாளா?" என்று கேட்டாள் அன்னம்மாள்.

சௌந்தர்யா என்னைப் பார்த்தாள். எனக்கு வாய் வரவில்லை.

"ஆமாம்மா. நான்தான் வருசத்தப் பாக்கல" என்றாள்.

மகள் முதுகில் ஓர் அடி வைத்தாள் அன்னம்மாள்.

"சார் எவ்ளோ கஷ்டப்பட்டு சொல்லிக் குடுத்தாரு! சாரி கேளுடி."

"சாரி சார்."

"பரவாயில்லம்மா" என்றேன். அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வந்தது.