ஜபேஸ் ஹாட்வினின் தொப்பி

எல்கானா பிர்கெட் செய்யும் தொப்பி மழைக்கும் அசையாது, கடற்காற்றுக்கும் அசையாது. அவற்றில் ஒன்று மட்டும் ஜெபத்துக்கும் அசையவில்லை. அது கப்பல்காரர் ஜபேஸ் ஹாட்வின் தலையில் இருந்தது.

வட இங்கிலாந்தின் ஸ்கார்வித் துறைமுகத்தில் இருவரும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவில் ஒரே சபை. அங்கே பாதிரியும் இல்லை, பாட்டும் இல்லை. தொப்பியோடு மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாராவது மண்டியிட்டு ஜெபித்தால் மற்றவர்கள் எழுந்து தொப்பியைக் கழற்றுவார்கள். கழற்றாவிட்டால் ‘உன் ஜெபத்தில் எனக்குச் சம்மதமில்லை’ என்று அர்த்தம். ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் தீர்மானம் நிறைவேறாது.

அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யச் சொல்லிச் சபை பாராளுமன்றத்துக்கு மனு அனுப்ப வேண்டும். எல்கானா வாலிபத்திலிருந்து கேட்டது இதைத்தான். முதல் வருடம் ஒரு தொப்பியும் கழலவில்லை. அவரோ வீடுவீடாகப் போய், அடிமைகள் விளைவித்த சர்க்கரை வேண்டாமென்று வெறும் தேநீரைக் குடித்து, முகத்தைச் சுளித்தே ஊரைத் தன் பக்கம் திருப்பினார். கடைசியில், கப்பலில் அடிமைகளை ஏற்றிச் சம்பாதித்த ஜபேஸின் தொப்பிதான் மிச்சம். அதற்கும் பக்கத்துத் தூணுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை கட்டிப் பேரன் பேத்தி எடுத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் குவேக்கர்கள். பொய் சொல்ல மாட்டார்கள்.

அந்த வருடம் எல்கானாவின் நெஞ்சைத் தட்டிப் பார்த்த மருத்துவர், அடுத்த பனிக்காலத்தைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். இதுதான் கடைசி வாய்ப்பு.

சபை வாசலில் ஜபேஸ் சீண்டினார்: “ஏம்ப்பா, ஆண்டவர் உனக்கு ஒரே ஜெபத்தைத்தான் குடுத்தாரா? வருஷாவருஷம் அதையே அரைக்கிறியே!”

“நீ பாவத்தை மாத்து, நான் ஜெபத்தை மாத்துறேன்.”

உள்ளே எல்கானா மண்டியிட்டார். தொப்பிகள் கழன்றன, ஒன்றைத் தவிர.

“ஆண்டவரே, கப்பலின் அடித்தட்டில் சங்கிலியோடு கிடப்பவன் எங்கள் சகோதரன். அவனை விலை கேட்டோம், அவன்...”

அங்கே ஜெபம் நின்றது. கிழவரின் உதடு ஆடியது, சத்தம் வரவில்லை. கூரையில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

தூணோரத்திலிருந்து எரிச்சலாக ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது: “அவன் பெயரைக் கேட்கவில்லை.”

ஜபேஸின் குரல். இத்தனை வருடம் தொப்பியோடு கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. அடுத்த வரியும் நாக்கில் தானாக வந்தது: “நீர் எங்கள் பெயரைக் கேட்கும் நாளில்...”

கை மெல்லத் தலைக்குப் போனது. வலை அறுந்து சிலந்தி கீழே விழுந்தது. ஜபேஸ் ஹாட்வின், வெறுந்தலையோடு, மண்டியிட்டார். “...என்ன சொல்வோம்?”

“மனுவை எழுதலாமா?” என்று சபை எழுத்தர் கேட்டார். மறுப்பவர் யாருமில்லை. மௌனத்துக்குப் பேர்போன சபை அன்று போட்ட சத்தத்தில் துறைமுகத்துப் பறவைகள் மூன்று நாள் திரும்பவில்லை.

ஜபேஸ் தன் கப்பலின் கைவிலங்குகளை எல்லாம் கடலில் எறிந்தார். அதே கப்பல்தான் மனுவையும் எல்கானாவையும் லண்டனுக்குக் கொண்டுபோனது. பனிக்காலம் வந்தது. மருத்துவர் சளியில் படுத்தார், எல்கானா படுக்கவில்லை. அடுத்த மனுவுக்குக் கையெழுத்து வாங்க அலைந்துகொண்டிருந்தார்.

“உன் தொப்பி ரொம்ப இறுக்கம்ப்பா. அதான் கழல இவ்வளவு நாளாச்சு,” என்றார் ஜபேஸ்.

“அளவு சரிதான். தலைதான் வீங்கியிருந்துச்சு.”

“அது கிடக்கட்டும். அன்னிக்கு நிஜமாவே மறந்துட்டியா?”

குவேக்கர் பொய் சொல்லக்கூடாது. ஆகையால் எல்கானா வெகுநேரம் இருமினார்.