வெற்றிலைக்காரர் கன்னம்

அம்சவேணி சாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரமாகியும் உளியைக் கையில் எடுக்கவில்லை. ஒரு முழம் தள்ளி, வெற்றிலைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஆளல்ல, தலை. சுண்ணாம்புச் சுதையில் செய்த தலை. நூற்று முப்பது வருஷமாக அந்தத் தேவாலயத்தின் கூரை உத்தரம் ஒன்றை உச்சந்தலையில் தாங்கிக்கொண்டிருக்கிறார். இடது கன்னம் எலுமிச்சம்பழம் அடக்கியதுபோல உப்பியிருக்கும். உதடு குவிந்து, சாறு வழிந்துவிடக் கூடாதே என்று முகவாய் மேலே தூக்கியிருக்கும். போன வருஷம் பூமி ஆடியபோது அந்தக் கன்னத்தில் விரிசல் விட்டுவிட்டது. அதை அடைக்கத்தான் முதலில் கூப்பிட்டார்கள். இப்போது வேலை மாறிவிட்டது. கன்னத்தையே கொத்தி எறிய வேண்டும்.

"ஏ அம்சா! அங்க என்ன, அவருக்குப் பொண்ணு பாக்கப் போயிருக்கியா?"

கீழே பெஞ்சில் உட்கார்ந்தபடி அண்ணன் கார்த்திகேசன் கத்தினான். அவன்தான் கொத்தனார். முந்தின வாரம் டாலா படகுத்துறையில் வழுக்கி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டு. எட்டு வருஷமாக அவனுக்கு மணல் சலித்து, சாந்து குழைத்து, சட்டியைத் தலையில் வைத்து ஏணி ஏறிய சித்தாள் அம்சவேணி. சட்டியை நீட்டிவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான் அவள் வேலை. சாந்து பூசும் கரணையை அவள் கையில் தந்தது இதுதான் முதல் தடவை. முதல் வேலையே ஒருத்தர் மூஞ்சியை உடைப்பதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"கன்னத்த எடுத்தா அப்புறம் அவரு அவரா இருக்க மாட்டாரே" என்றாள். ஆனால் அது சாரத்து மூங்கிலுக்கு மட்டும்தான் கேட்டது. அவள் குரல் எப்போதும் அவ்வளவுதான்.

அந்தத் தேவாலயம் ஒரு நகல். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் அறுநூறு வருஷத்துக்கு முன் கட்டிய கோயிலின் வரைபடத்தை வரவழைத்து, அதே அளவில், அதே மாதிரி, ரங்கூனில் எழுப்பியிருந்தார்கள். குட்டையான சதுரக் கோபுரம். கூம்பிய வளைவு ஜன்னல்கள். குளிர்காலத்தில் பனி தங்காமல் சறுக்கி விழ வேண்டும் என்று அங்கே வைத்த செங்குத்தான கூரையை, பனியே பெய்யாத இந்த ஊரிலும் வைத்துவிட்டார்கள். ஆடிமாத மழைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. உத்தரங்களைத் தாங்கப் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு தலைகள். ராஜா, ராணி, மொட்டைத் துறவி, பல்வலிக்காரன் என்று அந்தக் கிராமத்துச் சிற்பிகள் செதுக்கியதைப் பார்த்து, கடல் தாண்டி வந்த தமிழ்க் கொத்தனார்கள் சுதையில் பிடித்தார்கள். பிடித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ராணிக்கு மூக்குத்தி போட்டார்கள். துறவிக்கு மொட்டையை விட்டுவைத்து, கிடா மீசை வைத்தார்கள்.

வெற்றிலைக்காரர் கதைதான் பெரிய கதை. வரைபடத்தில் அது ஓர் இலை முகம். வாயிலிருந்து கொடி முளைத்து, இலை இலையாகக் கன்னத்தில் படர்ந்து, முகமே புதராக மாறியிருக்கும். அந்த நாட்டுப் பழைய கோயில்களில் அப்படி ஒரு முகம் வைப்பது வழக்கமாம். நம் ஆட்களுக்கு அது தெரியுமா? இலை, வாய், ஆம்பிளை முகம். வெற்றிலை போடுகிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். வாயிலிருந்து இலையை வெளியே விடாமல் உள்ளே தள்ளிக் கன்னத்தை உப்ப வைத்தார்கள்.

இவ்வளவு காலம் அது யாருக்கும் உறுத்தவில்லை. இப்போது இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அவர்கள் கோயிலுக்கு அறுநூறாம் ஆண்டு விழா. இரண்டு கோயில்களின் தலைகளையும் படம் எடுத்து, ஜோடி ஜோடியாகப் புத்தகத்தில் போடப் போகிறார்களாம். சனிக்கிழமைக்குள் படம் அனுப்ப வேண்டும். சபைச் செயலாளர் செல்லையாவுக்குத் தூக்கம் போயிற்று. துறைமுக ஆபீஸில் முப்பது வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எல்லாம் அசலைப் போல இருக்க வேண்டும் அவருக்கு.

"பாரும்மா" என்று நேற்று அவளிடம் வரைபடத்தை நீட்டினார். "அவங்க ஆளு வாயில காடு முளைக்குது. நம்ம ஆளு சூலே பஸ் ஸ்டாப்புல குன்யா வெத்தல மென்னுக்கிட்டு நிக்கிறான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா உலகமே சிரிக்கும். கன்னத்த எடுத்துட்டு, வாயில ரெண்டு கொடி இழுத்து விட்டுரு."

"மூக்குத்தி, ஊலே?" என்று கார்த்திகேசன் கேட்டான். பெரியவர்களை அந்த ஊரில் எல்லோரும் பர்மிய வழக்கப்படி 'ஊலே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மூக்குத்தி இருக்கட்டும். அது மரியாதையா இருக்கு. இதுதான் அசிங்கம்!"

செல்லையாவுக்கு வெற்றிலை என்றாலே ஆகாது என்று சபை முழுக்கத் தெரியும். வாசலில் 'வெற்றிலை போட்டு உள்ளே வராதீர்' என்று தமிழிலும் பர்மியத்திலும் சிவப்பு எழுத்தில் பலகை மாட்டியவரே அவர்தான்.

அம்சவேணி மறுபடி முகத்தைப் பார்த்தாள். கீழிருந்து தெரியாத ஒன்று பக்கத்தில் தெரிந்தது. காதைச் சுற்றி இலைகள் வரிசையாக இருந்தன. வரைபடத்தில் சொன்ன அதே எண்ணிக்கை, ஒன்று குறையாமல். ஆனால் ஒவ்வொன்றும் வெற்றிலை. நரம்பு நரம்பாகக் கீறி, காம்பு கிள்ளியது வரை காட்டியிருந்தான் அந்தப் பழைய கொத்தன். உதட்டோரம் விரல் வைத்து அழுத்திய தடம்கூட அப்படியே இருந்தது. நன்றாகச் செய்ய வேண்டும் என்று செய்தவனின் வேலை அது. அவள் உளியைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் செல்லையா உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி. கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கன்னம் முழுசாக இருப்பதைக் கண்டதும் கையை வெட்டுவதுபோல் இறக்கினார். உடை!

"என்ன ஊலே சொல்றீங்க?" என்றான் கார்த்திகேசன்.

செல்லையா வாய் திறக்கவில்லை. கையை இன்னும் இரண்டு தடவை இறக்கினார்.

அம்சவேணி சாரத்தின் விளிம்புக்கு நகர்ந்தாள். இப்போது பேசாவிட்டால் கன்னம் போய்விடும். தன் குரல்தானா என்று தனக்கே சந்தேகம் வரும்படி கத்தினாள்:

"ஊலே! எனக்கு உடைக்க மனசு வரல. நீங்களே மேல வந்து ஒரு போடு போட்டுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்!"

கார்த்திகேசன் வாயைப் பிளந்தான். செல்லையா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். மூச்சு மூக்கு வழியாகப் புஸ் புஸ்ஸென்று வந்தது. சாரத்துப் பலகையில் ஏறி உட்கார்ந்து, வெற்றிலைக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

மூக்குக்கு மூக்கு.

ஜன்னல் வெளிச்சம் இரண்டு முகங்கள் மேலும் விழுந்தது. ஒன்றில் இடது கன்னம் உப்பியிருந்தது. இன்னொன்றிலும் இடது கன்னம் உப்பியிருந்தது. ஒன்றில் உதடு குவிந்து முகவாய் தூக்கியிருந்தது. இன்னொன்றிலும்.

"ஐயோ சாமி!" கார்த்திகேசனின் ஊன்றுகோல் தடாலென்று தரையில் விழுந்தது. "ரெட்டப் புள்ளைங்க! அம்சா, யாரு அண்ணன், யாரு தம்பி?"

செல்லையா பதில் சொல்ல வாயைத் திறக்கப் போய்ச் சட்டென்று மூடிக்கொண்டார். திறந்தால் கதை முடிந்தது. விழுங்கவும் முடியாது, புகையிலை தலையைச் சுற்றும். துப்ப எங்கே போவது? கோயிலுக்குள்ளேயா? வாசலிலோ அவர் மாட்டிய பலகை.

அவர் சுதை முகத்தைப் பார்த்தார். காதோரத்து இலைகளைப் பார்த்தார். நரம்பைப் பார்த்தார், காம்பைப் பார்த்தார். அந்தத் தூக்கிய முகவாயில் இருந்த சங்கடம் என்ன சங்கடம் என்று, அந்த நேரத்தில் அவரைப் போல உணர்ந்தவர் உலகத்திலேயே யாரும் இருக்க முடியாது. அவர் தோள் மெல்லக் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார், சத்தமில்லாமல். கண்ணில் நீர் கோத்தது.

"கன்னம் இப்படியே இருக்கட்டுமா, ஊலே?" என்றாள் அம்சவேணி.

"ம்ம்."

"விரிசல மட்டும் அடைச்சிரவா?"

"ம்ம்! ம்ம்!"

தலையை வேகமாக ஆட்டியதில் ஒரு சிவப்புக் கோடு உதட்டோரம் தப்பி வெள்ளைச் சட்டையில் இறங்கியது. செல்லையா ஏணியில் பாதி சறுக்கி, பாதி இறங்கி, பலகையைத் திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு ஓடினார்.

கால் மணி கழித்து வாயைக் கழுவிக்கொண்டு வந்தார். சட்டையில் ஈரம். குரல் பழைய ஆபீஸ் குரலாகிவிட்டிருந்தது.

"படத்துக்குக் கீழே நானே எழுதித் தரேன். இங்க எங்க ஆளுங்க அவங்களுக்குத் தெரிஞ்ச இலையத்தான் வச்சாங்கன்னு." கொஞ்சம் தயங்கினார். "என் வீட்டுக்காரிகிட்ட இது..."

"எது ஊலே? நாங்க ஒண்ணும் பாக்கல" என்றான் கார்த்திகேசன்.

"யபாதே, யபாதே" என்று பர்மியத்தில் 'பரவாயில்லை' சொல்லிக் கையசைத்துவிட்டுப் போகத் திரும்பியவர், வாசலில் நின்று அண்ணாந்தார். "அம்மா, விரிசல அடைக்கும்போது சாந்து குறையாமப் போடு. கன்னம் வத்திப் போச்சுன்னா நல்லாருக்காது."

சட்டியில் சாந்து காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பழக்கதோஷத்தில் அம்சவேணி இறங்க ஏணியில் கால் வைத்தாள். புதுசாகக் குழைக்க வேண்டுமே.

"எங்க வர்ற? அங்கயே இரு" என்றான் கார்த்திகேசன். மாவுக்கட்டுக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, சல்லடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "மணலு நான் சலிக்கிறேன். நைஸா வேணுமா, பருவெட்டா வேணுமா, சொல்லு கொத்தனாரம்மா."

அம்சவேணி கரணையை நீரில் நனைத்தாள்.

"நைஸா" என்றாள். இந்தத் தடவை கீழே நன்றாகக் கேட்டது.