செருப்பில்லாத வாசல்

1

இந்தக் கதையின் முதல் வரியை விபத்துக்கு நான்கு நாள் முன்பே எழுதிவிட்டேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்ட உங்களுக்கு வசதியாக இருக்கும். அந்த வரி:

'சுவரில் பந்து படும் சத்தம் கேட்டது: டப்... டப்...'

சுமாரான வரிதான். ஓசூரில், கம்பெனிகளுக்குப் பின்னால், ஒட்டிக்கொண்டு நிற்கும் மூன்று லைன் வீடுகள். ஒரு கோடியில் பதினாறு வயது கௌசர். நடுவில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஆபரேட்டர் ஆஞ்சப்பனும் மனைவி செல்லியும். மறுகோடியில் நான். நடுவீட்டில் தும்மினால் இரண்டு பக்கமும் நூறாயுசு சொல்லலாம், சுவர் அப்படி.

2

கௌசர் ஒரு கால்பந்து வீராங்க— (அடித்துவிட்டேன். இன்னும் ஆகவில்லை.)

கௌசருக்கு இடது கால் சரியில்லை. நடக்க, ஓட ஒரு குறையும் இல்லை. பந்து வந்தால் மட்டும் அது மரக்கட்டை. "மூணு வாரத்துல கிருஷ்ணகிரில செலக்ஷன். லெஃப்ட் கால சரி பண்ணிட்டு வா" என்று பி.டி. டீச்சர் சொல்லிவிட்டார். கோடை விடுமுறை. அம்மா ஃபகருன்னிசா கேன்டீன் வேலைக்குப் போகும்போது ஒரே கட்டளை: "வீதில ஆடக் கூடாது. ஊட்டுக்குள்ள என்னமோ பண்ணிக்க."

ஊட்டுக்குள்ளே என்றால் பத்துக்குப் பத்து. சிலிண்டரையும் அரிசி டப்பாவையும் நடுவில் வைத்துப் பந்தை வளைத்து ஓட்டுவாள். பிறகு உள்பாதத்தால் சுவரில் தட்டி, திரும்பி வருவதை அடிப்பாதத்தால் அமுக்கி நிறுத்துவாள். இடது காலுக்கு மட்டும் காலையில் நானூறு, மத்தியானம் நானூறு.

3

பொறுப்பில்லாத பெண் என்று நினைக்காதீர்கள். ஆஞ்சப்பனுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஷிப்டு, அதிலும் அடிக்கடி மாற்றுவார்கள். அவர் பகலில் தூங்குகிறாரா என்பதை வாசலில் கிடக்கும் நீல ரப்பர் செருப்பு சொல்லிவிடும். செருப்பு கிடந்தால் பந்து கட்டிலடியில். இல்லையென்றால் டூட்டிக்குப் போயிருக்கிறார், ஆடலாம். ஒரு வருடமாக இந்தக் கணக்கு தப்பியதில்லை.

அந்த வாரம் கம்பெனியில் புது ஷூ கொடுத்தார்கள். செருப்பும் அறுந்திருந்தது. ஷூவிலேயே போய்வந்த ஆஞ்சப்பன், வெளியே விட்டால் நாய் தூக்கிப் போய்விடும் என்று அதை உள்ளே வைத்துக்கொண்டார். வாசல் காலி. கௌசர் திங்கள் முதல் வெள்ளி வரை ஆடினாள்.

எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லாத மனிதர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஷிப்டில்—

(இந்த வாக்கியத்தை ஆறு முறை எழுதினேன். ஆறு முறையும் ரத்தம் அழகாக வந்துவிட்டது. வேண்டாம்.)

வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

(கையைக் கண்டால் மிஷினை நிறுத்தும் சென்சாரை ஒரு மாதமாகக் கழற்றி வைத்திருந்தார்களாம். இதைக் கௌசரிடம் எத்தனை முறை சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை.)

4

பந்துச் சத்தம் நின்றுபோனது. தன்னால்தானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கேட்கப் போனாள்.

முடிவு அ: "நீ தட்டறத எண்ணிக்கிட்டேதான் கண்ணு தூங்குவேன்" என்று சிரிக்கிறார். (பொய். உங்களுக்காகச் செய்த மிட்டாய்.)

முடிவு ஆ: செல்லி பந்தை அரிவாள்மணையில் கிழிக்கிறாள். (செல்லியை எனக்குத் தெரியும். செய்ய மாட்டாள்.)

நடந்தது இது.

"மாமா, அந்த வாரம் பகல்ல ஊட்லயா இருந்தீங்க?"

"ஆமா கண்ணு."

"தூங்கினீங்களா?"

ஆஞ்சப்பன் கட்டுப்போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டார். "தூங்குனேன். நல்லாத்தான் தூங்குனேன்."

அடுப்படியில் செல்லி வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது. 'ஒரு வாரமா பகல்ல கண்ண மூடலயே இந்த மனுசன்' என்று விபத்தன்று லைனே கேட்க அழுதவள் அவள்தான். கௌசரும் கேட்டிருந்தாள். இப்போது செல்லி, "இரு கண்ணு, ஒரு வாய் சாப்ட்டுப் போ" என்றாள்.

தனக்காக அவர் பொய் சொல்கிறார், செல்லியும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று புரிந்தபோது கௌசருக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

5

இனி என் முறை.

அந்த ஐந்து நாளும் காலையில் ஆஞ்சப்பன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பந்தும் கேட்டது. அவர் புரளப் புரளக் கட்டில் முனகியதும் கேட்டது. அந்த வீட்டுக்கு வெளியே இரண்டையும் கேட்ட ஒரே ஆள் நான்தான். இருபதடி நடந்துபோய், "மாமா உள்ள தூங்கறாரு பாப்பா" என்று சொல்லியிருக்கலாம். முதல் வரி கிடைத்த சந்தோஷத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதை இன்னும் கௌசரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் அடுத்த வீட்டில் இல்லை.

இன்று சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. செலக்ஷன் நாளைக் காலை. நடுவீட்டு வாசலில் செல்லி வாங்கி வைத்த புதுச் செருப்பு கிடக்கிறது. போக டூட்டி இல்லாததால் இனி எந்நேரமும் அங்கேதான் கிடக்கும். கௌசர் பந்தைக் கட்டிலடியிலிருந்து எடுக்கவே இல்லை.

பேனாவை மூடப் போகிறேன். எழுந்துபோய் அவள் கதவைத் தட்டினேனா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஐந்து நாளும் எழுந்திருக்காத ஆள் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.