பன்னிரண்டாம் வளைவில் ஒரே பகலில் பதினோரு நாள்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புப் பலகையில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

2009-ஆம் வருஷம். மாத்தளைப் பக்கம், எல்கடுவ கடைவீதியிலிருந்து குருவிமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில், பன்னிரண்டாம் வளைவில், மூன்று மொழியிலும் எழுதி நட்டு வைத்திருந்தார்கள்: "இவ்விடத்தில் காமன் ஊன்றக் கூடாது. இப்படிக்கு, வீதிக் குழு."

குப்பை போடக் கூடாது என்று பார்த்திருக்கிறேன். வாகனம் நிறுத்தக் கூடாது என்று பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பலகையை வேறெங்காவது பார்த்தவர் இருந்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் சிரித்த சிரிப்பில் மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என்னை ஏற்றிவந்த மிளகு வியாபாரி ஸக்கரியா நானா மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க தம்பி. அந்தப் போர்டுக்குப் பின்னால பெரிய வேலயொண்டு நடந்தீக்கி" என்றார்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"பச்சைக் கம்பளம் விரித்த மலைச்சரிவுகளில் மேகங்கள் தவழ..." [வெட்டிவிட்டேன். காலில் அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்து பறிக்கிறவளிடம் போய்க் கம்பளம் என்று சொன்னால் கூடையாலேயே அடிப்பாள்.]

"2004, மாசி மாதம். போர்நிறுத்தம் அமுலில் இருந்தது. சோதனைச் சாவடிகள் குறைந்திருந்தன. வெள்ளைக்காரர்கள் மறுபடி மலை பார்க்க..." [தகவல் எல்லாம் சரிதான். ஆனால் சரித்திரப் பரீட்சைக்கு விடை எழுதுகிற மாதிரி எனக்கே கொட்டாவி வருகிறது.]

"பாப்பம்மா சீலையை இழுத்துச் செருகினாள்." [ஆ! இதுதான். ஆனால் இது தொடக்கம் இல்லை, முடிவுக்குப் பக்கத்தில் வர வேண்டியது. பத்திரமாக எடுத்து வைக்கிறேன்.]

3

2004-இல் பாப்பம்மாவுக்கு நாற்பது வயது. கொழுந்து பறிப்பவள், குருவிமலை வீதிக் குழுவின் தலைவி. ரோடு பிரதேச சபையினுடையது என்று தோட்டம் சொன்னது, தோட்டத்தினுடையது என்று சபை சொன்னது. இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் ரோட்டில் பாதியை மழை கொண்டுபோய்விட்டது. பஸ் கிடையாது. ஆம்புலன்ஸ் கடைவீதியோடு நின்றுவிடும். ஸக்கரியா நானாவின் வேன் மட்டும், நாலு பேர் தள்ளினால், முக்கி முனகி மேலே வரும்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் தங்கை இலட்சுமிக்கு வலி எடுத்தபோது, சாக்கில் கம்பு கோத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஏழாம் வளைவைத் தாண்ட முடியவில்லை. பிள்ளை ரோட்டிலேயே பிறந்தது. பிள்ளை தப்பிவிட்டான்.* இலட்சுமி தப்பியதுதான் அதிசயம். தங்கையின் ரத்தம் ரோட்டோரக் கானில் ஓடியதை நின்று பார்த்தவள் பாப்பம்மா. இப்போது இலட்சுமி மறுபடியும் நிறைமாதம்.

"இந்தப் புள்ள ரோட்டுல பொறக்காது. ஆஸ்பத்திரி கட்டில்லதான் பொறக்கும். இல்லாட்டி என் பேரு பாப்பம்மா இல்ல" என்று ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில், அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவும் இல்லை. லயம் என்கிற வீட்டு வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு என்று பிரித்துக் கொடுத்தாள். கான் வெட்டுவது, புல் செதுக்குவது, கல் விழுந்தால் பொறுக்குவது எல்லாம் அந்தந்த லயத்தின் பாடு. ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்துக் காசு தார் பீப்பாய்க்கு. பன்னிரண்டாம் வளைவில் மலை திறந்து கிடக்கும், அடுக்கடுக்காகப் பள்ளத்தாக்கு தெரியும். அங்கே ஒரு தேத்தண்ணி மேசையும் உண்டியலும் வைத்தாள். ஸக்கரியா நானா டவுனிலிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றி வந்து, கண்ணில் பட்ட ஏதாவது ஒரு மேட்டைக் காட்டி "சீகிரியா! சீகிரியா!" என்று பேர்போன கோட்டைப் பாறையாக்கிவிடுவார். அவர்கள் மனம் குளிர்ந்து உண்டியலில் போடுவார்கள்.

[* பையனின் பெயர் ரோட்டரசன். நான் கற்பனை செய்ததில்லை. பள்ளிக்கூட இடாப்பில் பேர் பதிந்திருக்கிறது, பார்க்கலாம்.]

4

இனி அந்தப் பிழை. இப்படி ஒரு பிழையைக் குருவிமலைக்காரர்களால் மட்டும்தான் விட முடியும்.

மாசி மாதம் காமன் கூத்து. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் கம்பம் ஊன்ற வேண்டும். பிறகு தினமும் அதைச் சுற்றித் தப்படித்து, ரதியும் மதனும் ஆடி, பதினைந்தாம் நாள் சிவன் காமனை எரிப்பார். அதுவரை கம்பத்தை அசைக்கக் கூடாது. எரியுமுன் அதைப் பிடுங்குகிற கை எதுவோ, அந்தக் கைக்குத் தொட்டில் ஆட்டக் கிடைக்காது என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த சட்டம்.

வழக்கமாக ஊன்றும் பொட்டலில் அந்த வருஷம் தார் பீப்பாயும் சல்லிக் குவியலும் மலையாகக் கிடந்தன. யார் போட்டது? வீதிக் குழு. கூத்து வாத்தியார் கணபதி இடமில்லாமல் தலையைச் சொறிந்தார். கணபதி பாப்பம்மாவின் புருஷன்.

"ரோட்டுலயே ஊனுங்க. பன்னெண்டாம் வளைவுலதான் அகலம் இருக்கு. வெள்ளக்காரனும் பாப்பான், உண்டியலும் ரொம்பும்" என்று யோசனை சொன்னது யார்? வீதிக் குழுத் தலைவி.

ரோலர் பங்குனியில்தான் வரும் என்று சபை சொல்லியிருந்தது. அதற்குள் கூத்து முடிந்துவிடும். எல்லாம் கணக்காகத்தான் போட்டார்கள், பாவம். தேர்தல் அறிவிப்பார்கள் என்று யார் கண்டது!

5

தேர்தல் என்றதும் ரோலருக்குக் கால் முளைத்துவிட்டது. கம்பம் ஊன்றிய மறுநாள் காலை எட்டு மணிக்கு, புகை கக்கிக்கொண்டு, பன்னிரண்டாம் வளைவில் வந்து நின்றது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பாதாளம். நட்ட நடுவில் வைக்கோல்பிரி சுற்றிய காமன்.

ரோலர்காரர் ஜினதாச இறங்கி வந்து கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். சாமி என்று விளங்கியதும் செருப்பைக் கழற்றினார். கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "ஹெட்ட உதே கலேவெல யன்ன ஓனே." நாளைக் காலை அவர் கலேவெலவுக்குப் போயாக வேண்டும். போனால் அடுத்த தேர்தலுக்குத்தான் வருவார்.

கம்பத்துக்கு மேல்பக்கம் இன்னொரு கூத்து. முந்தாநாள் மிளகு வாங்க ஏறிய ஸக்கரியா நானா, வேனோடு மாட்டியிருந்தார். "என்ட வேன் மேல, என்ட வீடு கீழ. நடுவுல ஒங்கட சாமி. நான் என்ன செய்யோணும், சொல்லுங்க பாப்பம்மா தங்கச்சி!"

பாப்பம்மா ரோலரைப் பார்த்தாள். கம்பத்தைப் பார்த்தாள். இலட்சுமியின் வயிற்றைப் பார்த்தாள். தானே விரித்த வலையில் தானே சிக்கிக்கொண்ட கோபத்தில் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

6

இந்த இடத்தில் கணபதி மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாத்தியாரே ரதி வேஷம் கட்டுவாராம். அதுவும் மீசையை எடுக்க மாட்டாராம். கிச்சுக்கிச்சு மூட்டுவதற்காக ஸக்கரியா நானா சேர்த்த சரக்கு என்று நினைத்து, இந்த ஆளை வெட்டிவிடலாம் என்றிருந்தேன். பிறகு ஒரு படத்தைக் காட்டினார்கள். பட்டுச் சீலை, கொண்டை, கொண்டை நிறையப் பூ, பூவுக்குக் கீழே முறுக்கு மீசை. ஆளை வெட்டாமல் விட்டுவிட்டேன்.

படத்தோடு இன்னொன்றும் தெரியவந்தது. கல்யாணம் கட்டிப் பதினெட்டு வருஷமாகக் கணபதிக்கும் பாப்பம்மாவுக்கும் பிள்ளை இல்லை. ஒவ்வொரு மாசியும் அந்தக் கம்பத்துக்கு வைக்கோல்பிரி சுற்றுவது இவர்கள் இரண்டு பேரின் நேர்த்திக்கடன். வேறு யாரையும் தொட விடமாட்டார்கள்.

[இதை மூன்றாம் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு நின்றுவிடுமே என்று தள்ளிப் போட்டேன்.]

7

ரோலர் நிற்கிறது. பதினைந்தில் ஒரு நாள்தான் கழிந்திருக்கிறது. பாப்பம்மா புருஷனிடம் போனாள்.

"என்னாங்க, ஒரு நாளுன்னா என்னாங்க?"

"சூரியன் உதிச்சு மறஞ்சா ஒரு நாளு."

"அது காலண்டருக்கு. நம்ம கூத்துக்கு?"

கணபதி யோசித்தார். "படுத்து எந்திரிச்சு, கம்பத்தச் சுத்தி ஆடிப் பாடுனா ஒரு நாளு."

"அப்ப படுங்க."

"எங்க?"

"இங்கதான், ரோட்டுல. எல்லாரும் படுங்க!"

ஐயோ, அந்தக் காட்சியை எப்படி எழுதுவேன்! தப்பில் ஒரு அடி விழுந்தால் இரவு. நாற்பது பேர் தடாலென்று ரோட்டில் சாய்ந்து கண்ணை மூடுவார்கள். ஸக்கரியா நானா வேன் மேல் ஏறி நின்று "கொக்கரக்கோ" என்று கூவினால் விடியல். ("சேவலுக்கு ஏது மதம்?" என்றாராம்.) எல்லாரும் எழுந்து, சோம்பல் முறித்து, கம்பத்தைச் சுற்றி ஆடி, பாடி, மறுபடி தடால். தார் பீப்பாயொன்றை உருட்டி வந்து நிறுத்தி அதன்மேல் இலட்சுமியை உட்கார வைத்திருந்தார்கள். நாளுக்கு ஒரு கல் என்று மடியில் எடுத்து வைப்பது அவள் வேலை.

மூன்றாம் நாள் ஜினதாசவும் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தார். ஐந்தாம் நாள் மனிதர் உண்மையாகவே தூங்கிவிட்டார். குறட்டை கேட்கிற வரைக்கும் இரவு முடியவில்லை என்று கணபதி தீர்ப்புச் சொல்ல, சேவல் வேன்மேல் காத்திருந்தது. எட்டாம் நாள் ஒரு பாட்டம் மழை. ஒன்பதாம் நாள் வெயில். ஒரு வெள்ளைக்காரனாவது வந்தானா? ஏற்றி வருகிறவரே வேன்மேல் சேவலாக நின்றால் எவன் வருவான்!

மத்தியானம் தாண்டுவதற்குள் பத்து நாள் முடிந்தது. பாப்பம்மா சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனாள். இன்னும் ஐந்து நாள், ஒன்றரை மணிநேரம், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

8

பதினோராம் நாள். தப்பு அடித்தது, படுத்தார்கள். சேவல் கூவியது, எழுந்தார்கள். இலட்சுமி கல் எடுத்து வைக்கவில்லை.

"அக்கா" என்றாள்.

அவள் சீலை நனைந்திருந்தது.

(நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. கம்பத்தைச் சுற்றி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் என்ன? இறங்கலாம், மறுபடி அதே சாக்கில். கீழே இருந்த ஒரே வாகனம் ரோலர். அது நடக்கிற ஆளைவிட மெதுவாகப் போகும். மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வேனில் ஒரு மணிநேரம். வேன் கம்பத்துக்கு மேலே.)

"நாலு நாளுதான் பாக்கி! படுங்க, சீக்கிரம் படுங்க!" என்று கத்தினார் கணபதி. ரதி வேஷக் கொண்டை அவிழ்ந்து தொங்கியது. பாதிப் பேர் படுத்தார்கள். இலட்சுமி போட்ட கூச்சலில் படுத்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

பாப்பம்மா சீலையை இழுத்துச் செருகினாள். கம்பத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"வேணாம் பாப்பம்மா" என்றார் கணபதி. ரதியின் குரல் இல்லை, புருஷனின் குரல்.

"எங்க வூட்டுல எந்தத் தொட்டில் ஆடுது, நின்னு போறதுக்கு?" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கம்பத்தில் இரண்டு கையையும் வைத்தாள். முந்தின நாள்தான் அந்தக் கையால் அதற்குப் பிரி சுற்றியிருந்தாள்.

இத்தனை நேரம் சிரிக்க வைத்தவளிடம் கதை இப்படி ஒரு விலை கேட்கும் என்று பலகையைப் பார்த்துச் சிரித்தபோது எனக்குத் தெரியாது.

9

அடுத்து நடந்ததில் நிச்சயமானவை இவை. கம்பம் வெளியே வந்தது. ஜினதாச ரோலரைப் பின்னால் எடுத்துப் பதினோராம் வளைவில் ஒதுக்கினார். வேன் பறந்தது. பெண் குழந்தை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், படிக்கட்டு ஏறிய ஏழாம் நிமிஷம். ஜினதாச நாலு நாள் தங்கி ரோடு முழுக்க உருட்டிக் கொடுத்தார். தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது ரோலரின் டயர் பஞ்சர் என்று எழுதிக் கொடுத்தாராம். மேலிடமும் அதை ஏற்றுக்கொண்டதாம்.

நிச்சயமில்லாதது ஒன்றுதான். கம்பத்தைப் பிடுங்கியது யார்?

வீடு வீடாகப் போய்க் கேட்டேன்.

ஸக்கரியா நானா: "நான்தான். எனக்கு ஆறு புள்ள. இனித் தொட்டில் ஆடாட்டி அல்ஹம்துலில்லாஹ்."

இலட்சுமி: "வலியில எதையாச்சும் புடிக்கணும்ல? அதப் புடிச்சேன், வந்திருச்சு. நான்தாங்க."

கணபதி, மீசையைத் தடவிக்கொண்டு: "ஊனுனவன் நானு. புடுங்குனவனும் நான்தான்."

கலேவெல வரைக்கும் போய் ஜினதாசவைக் கேட்டேன். "மம தமய்" என்றார். அதற்கும் நான்தான் என்றுதான் அர்த்தம். இப்படியே நாற்பது பேர். ரோட்டரசன்கூட நெஞ்சில் தட்டி "நான்தான்" என்றான். கம்பம் பிடுங்கிய அன்று அவனுக்கு மூன்று வயது.

பாப்பம்மாவைக் கேட்டேன். "போர்டு பாத்தீங்கல்ல? எழுதச் சொன்னது நான்தான்" என்று பேச்சை மாற்றி, தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

10

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

[ஒன்று: அடுத்த வருஷமே பாப்பம்மா வீட்டில் தொட்டில் கட்டி... வெட்டு. ஆசைதான். ஆனால் அது என் ஆசை.]

[இரண்டு: அவள் வீட்டில் கடைசிவரை... இதை எழுதக் கை வரவில்லை. அவள் வீட்டுக்குள் நான் எட்டிப் பார்க்கவும் இல்லை.]

[மூன்று: கம்பம் தானாகவே விழுந்தது. நாற்பது பேரும் என்னை உதைப்பார்கள்.]

எனவே எட்டாம் பகுதிக்கே திரும்பிப் போகிறேன். பாப்பம்மா அங்கே நின்றுகொண்டிருக்கிறாள், கம்பத்தில் அவள் கை மட்டும் இருக்கிறது. அவளை அப்படித் தனியாக நிற்க விட்டு முற்றுப்புள்ளி வைக்க என்னால் முடியாது. அது குருவிமலை வழக்கமும் இல்லை. அங்கே வளைவைக்கூட லயத்துக்கு ஒன்றாகப் பிரித்துத்தான் சுமப்பார்கள். கணபதி ஓடி வருகிறார், சீலை தடுக்குகிறது. ஸக்கரியா நானா வேனிலிருந்து குதிக்கிறார். ஜினதாச வருகிறார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நானும் வருகிறேன்.

வாசகரே, வலது பக்கத்தில், ஜினதாசவுக்கும் எனக்கும் நடுவில், ஒரு கை வைக்க இடமிருக்கிறது. வைக்கோல் குத்தும், பரவாயில்லை. எந்தக் கை பிடுங்கியது என்று காமனுக்கே குழப்பம் வர வேண்டும். இலட்சுமி கத்துகிறாள், சீக்கிரம் வந்து பிடியுங்கள்.

நாளைக்கு யாராவது வந்து யார் என்று கேட்டால், என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.