ஆட்டுரலில் கிடந்த கடல்

கொல்லம் ஆண்டு 1126 சித்திரையில், வெள்ளைக்காரன் கணக்குக்கு 1951, கன்னியாகுமரியில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் கடல் இல்லாமல் போயிற்று. மற்றவர்களுக்கு இருந்தது. திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த வள்ளிநாயகம், அவர் மனைவி பகவதி, மூன்று பிள்ளைகள், வழிகாட்டப் போன பகவதியின் அண்ணன் ஆறுமுகப்பெருமாள் ஆகிய ஆறு பேருக்கும் படித்துறைக்குத் தெற்கே வெறும் மணல்தான் தெரிந்தது. அந்த மணலில் ஊர்ப்பட்ட ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குவதையும், ஒன்றுமில்லாத இடத்தில் ‘ஐயோ அலை’ என்று துள்ளுவதையும், ஈரத்துணியைப் பிழிந்தபடி ஏறி வருவதையும் ஆறு பேரும் நின்று பார்த்தார்கள். பிறகு கட்டுச்சோற்றை அவிழ்த்துத் தின்றுவிட்டு வாடகைக் காரில் அண்ணன் வீடு இருந்த சுசீந்திரத்துக்குத் திரும்பினார்கள்.

அந்தச் சோற்றைக் கட்டிக் கொடுத்தவள் ஆறுமுகப்பெருமாளின் மனைவி அழகம்மை. கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து பள்ளிக்கூடம் அடைத்ததும் நாத்தனார் குடும்பம் வந்து இறங்கிவிடும். பத்து நாள் இருக்கும். ஒரு நாள் கோவிலின் இசைத்தூண், ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனை, ஒரு நாள் திற்பரப்பு அருவி, கடைசி நாள் கன்னியாகுமரி. அழகம்மை பூதப்பாண்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருடம். ஏழு மைலில் இருக்கும் கடலை அவள் கண்டதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், அந்திக்கு விளக்கேற்ற வேண்டும், அலைந்து வருகிறவர்களுக்குச் சுடுசோறு வேண்டும். யாராவது வீட்டில் இருக்க வேண்டுமே, அந்த யாராவது அவள்தான். காரில் ஏறும்போது பகவதி வருடாவருடம் ஒரே பேச்சைத்தான் பேசுவாள். “மயினிக்கென்ன, எல்லாம் பக்கத்துலதானே கெடக்கு. எப்பம் வேணும்னாலும் பாத்துக்கிடலாம்.” திரும்பும்போது அரிசி மாதிரி இருக்கும் கடற்கரை மணலில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொடுப்பாள். அப்படிப் பதினோரு பொட்டலம் அடுக்களையில் இருந்தன. பார்த்தாலே அழகம்மைக்கு வயிறு எரியும். பூசி மெழுகிச் சொல்வானேன், பொறாமைதான், கலப்படமில்லாத பொறாமை. அந்த வருடம் ஒரு பொட்டலத்தைப் பிரித்து உலையில் போடப் போனவள், பிள்ளைகளின் பல்லை நினைத்து வைத்துவிட்டாள்.

உலையில் போடவில்லையே தவிர, மனசில் கொதித்தது கொதித்ததுதான். பகவதியின் பிள்ளைகள் காதை வைத்ததும் தூண் ஊமையாயிற்று. அதே நேரம் அழகம்மையின் வெண்கலப் பானை, அகப்பை பட்டதும் ச ரி க ம பாடியது. அரண்மனையின் கறுப்புத் தரை அவர்கள் முகத்தை மட்டும் காட்டவில்லை. இங்கே சாணம் மெழுகிய அடுக்களைத் தரையில் அழகம்மையின் மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது. கன்னியாகுமரி அன்று, மாவாட்டப் போனவள் ஆட்டுரல் குழியில் கடல் கிடப்பதைக் கண்டாள். உழக்கு அளவுதான், ஆனால் அலை முறையாக வந்து வந்து போயிற்று. தொட்டு நாக்கில் வைத்தாள், கரித்தது. சந்தோஷம் வந்ததா என்றால், இல்லை. ஆட்டுரலைப் பார்க்க யாரும் புதுப்புடவை கட்டிக்கொண்டு காரில் போவதில்லை. அவள் கேட்டது கடலை அல்ல. நீயும் வா என்று ஒருத்தர் வாய் திறந்து கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலம் திரும்பி வந்த பிள்ளைகள் உரலில் கைவிட்டு அளைந்தபோது பகவதி பார்த்துவிட்டாள்.

“எங்க கடல எடுத்து வச்சிருக்கியளா மயினி?”

“நான் ஒண்ணும் எடுக்கல்ல. அதுவா வந்து கெடக்கு. வேணும்னா கோரிட்டுப் போ.”

கோரினார்கள். ஐந்து குடம் கோரியும் குறையவில்லை. கொண்டுபோய் ஊற்றிய வாழை பட்டுப்போனதுதான் மிச்சம். அடுத்த மூன்று சித்திரையும் வந்தார்கள், மணலைப் பார்த்தார்கள், போனார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். இப்போது கூப்பிட்டால் இத்தனை வருடம் கூப்பிடாதது வெளிச்சமாகிவிடுமே என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 1955-இல் ஆறுமுகப்பெருமாள்தான் பொறுக்கமாட்டாமல், “ஏட்டி, நீயும் பொறப்படு” என்றார். “அவிய வந்தா வீட்டுல ஆரு இருப்பா?” என்று கேட்டாள் பகவதி. காரில் ஆறு பேருக்குத்தான் இடம். எல்லோரும் பகவதியையே பார்த்தார்கள்.

அழகம்மை கல்யாணப் பட்டை எடுத்து உடுத்திக்கொண்டு போனாள். படித்துறையில் இறங்கியதும் பிள்ளைகள் கடல், கடல் என்று கூவிக்கொண்டு ஓடி இடுப்புவரை நனைந்தார்கள். வள்ளிநாயகம் வேட்டியைத் தூக்கிக் கட்டினார். அழகம்மைக்கு மட்டும் தெற்கே மணல்தான் தெரிந்தது. பதினாறு வருடம் காத்திருந்து வந்ததற்கு இதுவா என்று அழுகை முட்டியது. பிறகு மெல்லப் புரிந்தது. சுசீந்திரத்தில், தன் அடுக்களையில், ஒருத்தி தன்னை நினைத்து வயிறெரிந்துகொண்டிருக்கிறாள். தன்னைப் பார்த்துப் பொறாமைப்படவும் இந்த உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறது! அழகம்மை மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுத்தவள் ஆக்கிய புளிச்சோற்றை, உப்பு கம்மியாக இருந்தும், விரலை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். புறப்படும்போது ஒரு பொட்டலம் மணல் வாங்கினாள்.

விளக்கேற்றும் நேரத்துக்கு வந்து சேர்ந்தபோது பகவதி ஆட்டுரல் பக்கத்தில் முழங்கைவரை நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

“கடல் எப்பிடி இருந்துச்சு மயினி?”

அழகம்மை பொட்டலத்தை அவள் மடியில் வைத்தாள். “ஒனக்கென்ன பகவதி, பக்கத்துலதானே கெடக்கு. எப்பம் வேணும்னாலும் பாத்துக்கிடலாம்.”

அடுத்த வருடம், திருவனந்தபுரத்துக்குக் கீழே இருந்த தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கடல் எங்கேயும் போகாமல் உரலிலேயே கிடந்தது. அந்த வீட்டில் தோசை மாவுக்கு உப்புப் போடுவதில்லை.