உதயகுமாரின் போன் மட்டும் அலறவில்லை

மைசூர் ரிங் ரோட்டை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். திடீரென்று எல்லாருடைய போனும் ஒரே குரலில் அலறியது. சைலண்டில் கிடந்ததுகூடச் சேர்ந்து அலறியது. கம்பி கட்டுகிறவர்கள் சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். கட்டடமே சரிகிறது என்று நினைத்தவர்களும் உண்டு. கூட வேலை பார்க்கிற பையன் மனோஜ்குமார்தான் கன்னடத்தில் வந்திருந்ததைப் படித்துச் சொன்னான்: வெள்ளம், புயல் வந்தால் எச்சரிப்பதற்காக அரசாங்கம் செய்கிற சோதனையாம், யாரும் பயப்பட வேண்டாமாம். பயப்பட வேண்டாம் என்று சொல்ல இந்த அலறலா? நல்லா இருக்கிறது நியாயம்!

டைல்ஸ் ஒட்டுகிற உதயகுமாருக்கு வேறு கவலை. அவன் போன் மட்டும் மூச்சுக் காட்டவில்லை.

அந்தப் போனைத்தான் அவன் இரண்டு வாரமாக அடைகாத்துக்கொண்டிருந்தான். தசரா ஊர்வலம் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று பெண்டாட்டி ரூபாவிடம் வருடா வருடம் சொல்லி, இந்த வருடமும் ஓவர்டைமுக்குப் போய்விட்டான். மறுநாளே அவள் கோபிநத்தத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது சொன்னது ஒன்றுதான். "நீங்க கூப்புடாதீங்க. மனசு ஆறுனா நானே கூப்புடுறேன்." மீறிக் கூப்பிட்டால் கோபம் கூடிவிடுமே என்று அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அவளை விட்டால் அவனைக் கூப்பிட வேறு நாதி இல்லை.

மனோஜ்குமார் போனை வாங்கிப் பார்த்தான். "அண்ணா, ஏரோப்ளேன் மோடுல கெடக்குது பாருங்க. ஈரக் கையில எப்பவோ தட்டிட்டீங்க. இப்படி இருந்தா யாரு கூப்புட்டாலும் வராது."

உதயகுமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அட, அதானா! பாவம்டா அவ, எத்தன தடவ அடிச்சுப் பாத்தாளோ!" என்று தளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். குழாயடிக்கு ஓடிப் போய்க் கைகால் கழுவினான். தலையைக்கூட வாரிக்கொண்டான். போனில் பேசுவதற்கு யாராவது தலை வாருவார்களா? இவன் வாரினான்.

மனோஜ்குமார் அந்த மோடை எடுத்துவிட்டான். "இருங்க, கூப்புட்டது, மெசேஜு எல்லாம் இப்ப வந்து விழும்."

விழுந்தது. ரீசார்ஜ் முடியப்போகிறது என்று ஒன்று. லோன் வேண்டுமா என்று இன்னொன்று. அப்புறம் அதே லோன்காரன் மறுபடியும். அவ்வளவுதான். ரூபா ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டு முடித்தவர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் மாடிப்படிப் பக்கம் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், தலை வாரிக்கொண்டபோது, எவ்வளவு சந்தோஷமாக இருந்தான்! மனோஜ்குமார் தொட்ட இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினான். போன் மூலையில் அந்தக் குட்டி விமானம் திரும்ப வந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது மனோஜ்குமார் கேட்டான்.

"அண்ணி கூப்புட்டாங்களாண்ணா?"

"கூப்புட்டிருப்பாடா," என்றான் உதயகுமார். "லைன் கெடச்சிருக்காது."